“கடுகு டப்பா மேக்க இருக்கு” – திசையில் பேசுகிறவர்கள் திசையில்தான் நினைக்கிறார்களா?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆறு மாதமாக எங்களோடு சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். என் மனைவி “அத்தை, கடுகு டப்பா எங்கே?” என்று கேட்டால் “மேக்க பாரு, உப்பு ஜாடிக்கு வடக்க” என்பார். மகள் சாப்பிட உட்கார்ந்தால் “பாப்பா, தட்டைக் கொஞ்சம் தெக்க தள்ளு” என்பார். அவள் முழிப்பாள். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். ஊரைவிட்டு வந்தபிறகு எனக்கே மறந்துபோயிருந்தது.

வந்த புதிதில் ஒரு வாரம் “இந்த வீட்டுல திக்கே தெரியலப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புது இடம், அதனால் சலிப்பு என்று நினைத்தேன். ஒருநாள் உட்கார்ந்து கேட்டேன். “லிப்டுல ஏறி, இறங்கி, நாலு தடவ திரும்புனா கணக்கு விட்டுப்போகுது” என்றார். கணக்கு! அப்படியென்றால் ஊரில் இருந்தவரை, நடக்கும்போதும் திரும்பும்போதும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காத கணக்கு.

இதைக் கேட்டபோது என் சின்ன வயது ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். டிரில் வகுப்பில் “இடப்புறம் திரும்பு” என்றால் எனக்கு ஒரு நொடி தாமதமாகும். எந்தக் கை சோத்தாங்கை என்று யோசித்து, அதற்கு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்குள் வரிசையே திரும்பியிருக்கும். ஒரு வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு “பையன் கொஞ்சம் மந்தம்” என்று சொன்னார். அந்த ஒரு சொல் பத்தாம் வகுப்புவரை என்னைவிட்டுப் போகவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் நிறுத்தி “வடக்கு எது?” என்று அவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பேன். அதை யாரும் கேட்கவில்லை.

சமீபத்தில்தான் தெரிந்தது, இதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பீடர்சன் தமிழ்நாட்டுக்கே வந்து கிராமத்துத் தமிழர்களையும் நகரத்துத் தமிழர்களையும் ஒப்பிட்டிருக்கிறார். அந்தக் கட்டுரை 1995இல் வந்தது. மொழி ஒன்றுதான். ஆனால் மேசைமேல் இருக்கும் பொருளைச் சொல்லச் சொன்னால் நகரத்துக்காரர்கள் இடது வலது என்றார்கள், கிராமத்துக்காரர்கள் கிழக்கு மேற்கு என்றார்கள். அதோடு நிற்கவில்லை. வாயே திறக்காமல் செய்யும் வேலையிலும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்திருக்கிறது.

என் கேள்வி இதுதான். பேசுகிற விதம் நினைக்கிற விதத்தை மாற்றுகிறதா? மாற்றுகிறது என்றால், ஒரு பிள்ளையை மந்தம் என்றோ கெட்டி என்றோ எதை வைத்துச் சொல்கிறோம்?

#2 கேள்விக்குறி

நல்ல இழை. ஆனால் முதலிலேயே ஒரு எச்சரிக்கை. “மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது” என்பதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடும். அதனாலேயே அதைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர், 1941இல் இறந்தார். ‘காலி’ என்று எழுதிவைத்த பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் தொழிலாளிகள் கவலையில்லாமல் சிகரெட் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து. சொல் ஆளை ஏமாற்றிவிட்டது என்றார். அதுவரை சரி. பிறகு அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் நம்மைப்போல் காலத்தைச் சொல்லும் சொற்களே இல்லை, அதனால் அவர்களுடைய காலமே வேறு என்றார். 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி என்ற அறிஞர் ஹோப்பி மக்களோடு பழகி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அது முழுக்க ஹோப்பியில் காலத்தைக் குறிக்கும் சொற்களும் வாக்கியங்களும்தான்.

வைகைக்கரை, உங்கள் அம்மா வயலில் வாழ்ந்தவர். சூரியன், மலை, வாய்க்கால் எல்லாம் எப்போதும் கண்முன்னே. நாம் சுவருக்குள் வாழ்கிறோம். அவருக்குத் திசை தெரிவது வாழ்க்கையால் வந்ததாக இருக்கலாமே? பேச்சும் அதே வாழ்க்கையால் வந்ததுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கும்போது, ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வது?

#3 செக்குபந்தி

நான் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். உளவியல் தெரியாது. திசை என் பிழைப்பு, அதனால் எழுதுகிறேன்.

கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தில் செக்குபந்தி எழுதுவோம், நாலு பக்க எல்லை. “இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்குத் தெற்கு, இதன் மத்தியில்” என்று போகும். “இன்னார் நிலத்துக்குக் கிழக்கு” என்றால் விற்கிற நிலம் அவர் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது அவர் நிலம் நமக்கு மேற்கே. புதிதாக வேலைக்கு வரும் படித்த பையன்கள் எல்லோருக்கும் இது தலைகீழாகத்தான் போகும். “கிழக்கில் இன்னார் நிலம்” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைக்கும் பெரியவர், படித்துக் காட்டும்போது பாதியிலேயே நிறுத்தி “தம்பி, அது மாறிக் கெடக்கு” என்பார். காதால் கேட்டே பிடித்துவிடுவார். வரைபடம் எதுவும் கிடையாது. பல தடவை பார்த்துவிட்டேன், இன்றுவரை அது எனக்கு ஆச்சரியம்தான்.

இன்னொன்று. கிழக்கு என்றால் கீழே, மேற்கு என்றால் மேலே. தமிழ்நாட்டில் மலை மேற்கே இருக்கிறது, தண்ணீர் கிழக்கே கடலுக்கு இறங்குகிறது. நிலத்தின் சரிவே சொல்லாகிவிட்டது. மலையாளத்தில் மேற்கைப் ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள், ஞாயிறு படுகிற பக்கம். அவர்களுக்கு மலை கிழக்கே அல்லவா? ஆனாலும் கிழக்கை அவர்களும் ‘கிழக்கு’ என்றே சொல்கிறார்கள். மலையைத் தாண்டியும் அந்தச் சொல் கூடவே போயிருக்கிறது.

#4 உளவியல்_மாணவி

செக்குபந்தி ஐயா, நீங்கள் கடைசியில் சொன்னதுக்கு அப்படியே ஒரு ஜோடி மெக்சிகோவில் இருக்கிறது! சியாபாஸ் மாநிலத்தில் தெனெஹாபா என்ற மலைப்பகுதியில் செல்தால் என்ற மாயா மொழி பேசுகிறார்கள். நிலம் தெற்கே உயர்ந்து வடக்கே சரிகிறது. அவர்கள் வீட்டுக்குள் சமதளத்தில் வைத்த பாட்டிலைக்கூட “அந்த மேட்டுப்பக்கத்துப் பாட்டில்”, “பள்ளத்துப்பக்கத்துப் பாட்டில்” என்பார்கள். பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் அங்கே நெடுங்காலம் வேலை செய்திருக்கிறார்கள்.

சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு அந்தரத்தில் போகும். ஒரு மேசையில் மூன்று விலங்குப் பொம்மைகளை வரிசையாக ஒரே பக்கம் பார்க்கும்படி வைப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்புறம் ஆளை அப்படியே முதுகுப் பக்கம் திருப்பி, எதிரில் இருக்கும் இன்னொரு மேசைக்குக் கூட்டிப்போவார்கள். பொம்மைகளைக் கொடுத்து “முன்னே இருந்த மாதிரியே வையுங்கள்” என்பார்கள். டச்சுக்காரர்கள் இடது இடதாகவே இருக்கும்படி வைத்தார்கள். அதாவது பொம்மைகள் முதலில் வடக்கே பார்த்திருந்தால் இப்போது தெற்கே பார்க்கும். தெனெஹாபா மக்களில் பெரும்பாலோர் வடக்கே பார்த்ததை வடக்கே பார்க்கும்படியே வைத்தார்கள். ஒரு வார்த்தை பேசத் தேவையில்லாத வேலை இது. தமிழையும் சேர்த்துப் பல மொழிகளில் செய்த இப்படிப்பட்ட வேலைகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. குயின்ஸ்லாந்தின் வடக்கே ஹோப்வேல் ஊரில் கூகு யிமித்திர் என்ற பழங்குடி மொழி, அதுவும் திசையில் பேசும் மொழி. ‘கங்காரு’ என்ற சொல்லை 1770இல் கேப்டன் குக்கின் ஆட்கள் கேட்டறிந்தது இந்த மக்களிடம்தான். அங்கே ஒரு பெரியவர் தன் படகு கவிழ்ந்த கதையை 1980இல் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழி ஆய்வாளருக்குச் சொன்னார். அப்போது மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார், படகு கவிழ்ந்ததைக் காட்டத் தன் முன்பக்கமாகக் கையை உருட்டினார். இரண்டு வருடம் கழித்து அதே கதையை லெவின்சனுக்குச் சொன்னபோது வடக்கே பார்த்திருந்தார். இந்தத் தடவை கையை வலமிருந்து இடமாக உருட்டினார். இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் உருண்டது. அவர் மனதில் அந்தச் சம்பவம் திசையோடு சேர்ந்தே பதிந்திருந்தது. சைகை அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

திசையில் பேசும் மொழியில் வளர்ந்தவர் எந்த நிமிடமும் திசை சொல்ல வேண்டி வரலாம். அதனால் எல்லா நேரமும் திசையைக் குறித்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்தபோது குறித்துவைக்காத திசையைப் பிறகு நினைவிலிருந்து எடுக்க முடியாதே. வைகைக்கரை அண்ணாவின் அம்மா சொன்ன ‘கணக்கு’ இதுதான் என்று தோன்றுகிறது.

#5 மேழி

நான் விவசாயி. ஒரு சந்தேகம். ஊர்க்காரனுக்கு இடது வலது தெரியாது என்பதுபோல் பேச்சு போகிறதே?

ஏரில் பூட்டும் மாட்டில் வலத்தை மாடு, இடத்தை மாடு என்று உண்டு. வலத்தில் பழகிய மாட்டை இடத்தில் பூட்டினால் மல்லுக்கு நிற்கும். சந்தையில் மாடு பிடிக்கும்போதே எந்தப் பக்கம் பழகியது என்று கேட்போம். எங்கள் தாத்தா வீட்டுக்குள் சொம்பு எங்கே என்றால் திசையில் சொன்னவர், மாட்டுக்கு ஒருநாளும் திசை சொன்னதில்லை. ஏர் சால் சுற்றி வரும்போது மாடு நாலு திசைக்கும் திரும்பும், ஆனால் வலத்தை வலத்தைதான். ஆக, வேலைக்கு ஏற்ற சொல். இதில் மூளை வேறு எங்கே வந்தது?

#6 கேள்விக்குறி

மேழி அண்ணனின் கேள்வி என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

அந்தப் பொம்மைச் சோதனைக்கு வந்த மறுப்பையும் சொல்ல வேண்டும். பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002இல் அதே மாதிரிச் சோதனையைப் பென்சில்வேனியாவில் ஆங்கிலம் பேசும் மாணவர்களிடம் செய்தார்கள். ஜன்னல் திரையை மூடிய அறையில் மாணவர்கள் இடது வலதாக வைத்தார்கள். திரையைத் திறந்து வெளி தெரியும்படி செய்தால் பதில்கள் கலந்து வந்தன. மேசை ஓரத்தில் அடையாளமாக ஒரு வாத்துப் பொம்மையை வைத்தால், அந்த வாத்து எந்தப் பக்கமோ அதற்குத் தகுந்தபடி மாறிவிட்டார்கள். மொழி மாறவில்லை, சூழல் மாறியது, பதில் மாறியது.

லெவின்சன் குழு அதே வருடம் பதில் எழுதியது. டச்சு மாணவர்களிடம் அந்த ஜன்னல் விளைவு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். வாத்தை வைத்து நினைவுகொள்வது திசையை வைத்து நினைப்பதே இல்லை, அது வேறு வழி என்றார்கள். அதையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

ஆனால் 2011இல் லீயும் கிளைட்மனும் சேர்ந்த குழு வெளியிட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெனெஹாபாவிலேயே போய், ‘சரியான விடை’ ஒன்றே ஒன்று இருக்கும்படி வேலைகளைக் கொடுத்தார்கள். “அதே மாதிரி வை” என்று இரண்டு அர்த்தத்தில் சொல்லாமல், தெளிவாகக் கேட்டார்கள். அங்குள்ள மக்கள் தங்கள் உடம்பை வைத்துச் செய்யும் வேலைகளை நன்றாகவே செய்தார்கள், திசையை வைத்துச் செய்வதைவிடக் குறைவாக இல்லை. முடியாது என்பது இல்லை. ‘அதே மாதிரி’ என்றால் எது என்று புரிந்துகொள்வதில்தான் வேறுபாடு.

#7 உளவியல்_மாணவி

மேழி அண்ணன் சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடக்கூடாது. மாட்டுக்குச் சொந்தமாக ஒரு வலப்பக்கம் உண்டு. சோத்தாங்கைக்கும் பீச்சாங்கைக்கும் உடம்பிலேயே இடம் உண்டு. வீட்டுக்கு வாசல் இருப்பதால் முன்பக்கம் உண்டு. இவை பொருளோடு ஒட்டிய பக்கங்கள். மாடு எங்கே திரும்பினாலும் கூடவே வரும். அதனால்தான் ஏர் ஓட்டும்போது அது பொருத்தம்.

ஆனால் ‘மரத்துக்கு இடது பக்கம்’ என்றால்? மரத்துக்கு ஏது இடப்பக்கம்? அங்கே நான் என்னுடைய இடது பக்கத்தை எடுத்து மரத்தின்மேல் ஒட்டுகிறேன். நான் அந்தப் பக்கம் போய் நின்றால் மரத்தின் இடமும் வலமும் மாறிவிடும். இந்தக் கடைசி வகைப் பேச்சுதான் நகரத்தில் அதிகம், கிராமத்தில் குறைவு. ஆக, கிராமத்தில் இடது வலது தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. அதை மரத்துக்கும் டம்ளருக்கும் ஒட்டும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வைகைக்கரை அண்ணா டிரில்லில் தடுமாறியது தன் உடம்பில்தானே என்று கேட்கலாம். ‘இடது’ என்ற சொல்லே அவருக்குப் புத்தகச் சொல். வீட்டில் அது பீச்சாங்கை அல்லது நொட்டாங்கை. மொழிபெயர்க்க ஆன நொடிதான் அது.

கேள்விக்குறி சொன்ன 2011 ஆய்வை நான் மறுக்கவில்லை. முடியாது என்று சொன்ன பழைய வோர்ஃப் வாதம் போய்விட்டது. ஆனால் “முடியும்” என்பதும் “யோசிக்காமலே முதலில் வருவது” என்பதும் ஒன்றல்ல. எனக்கு வலதுகையால் எழுதவும் முடியும், கஷ்டப்பட்டு இடதுகையாலும் முடியும்.

இன்னும் ஒரு செய்தி. டேனியல் ஹானும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்டது. ஒளித்துவைத்த பொருளைத் தேடும் விளையாட்டில் மனிதக்குரங்குகளும், ஜெர்மனியின் நாலு வயதுக் குழந்தைகளும் சுற்றியிருக்கும் இடத்தை வைத்தே தேடினார்கள், தன் உடம்பை வைத்து அல்ல. டச்சுக் குழந்தைகள் எட்டு வயதில் தன் இடது வலதுக்கு மாறியிருந்தார்கள். நமீபியாவில் திசையில் பேசும் ஹாய்யோம் மக்களின் குழந்தைகள் மாறாமல் சூழலையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் பிறவியில் நம் எல்லோருக்கும் கிடைத்தது வைகைக்கரை அண்ணாவின் அம்மாவுடைய வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடது வலதுதான் பிறகு பழக்கிய வழி.

#8 பேச்சுப்பயிற்சி

பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என் அனுபவத்திலிருந்து ஒரே ஒரு விஷயம்.

மொழி போனால் சிந்தனை போய்விடும் என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். “அப்பாவுக்கு இனிமேல் ஒன்றும் புரியாதா?” என்பதுதான் முதல் கேள்வி. ரோஸ்மேரி வார்லியும் சக ஆய்வாளர்களும் 2005இல் மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். மூளைச் சேதத்தால் அவர்களுக்கு வாக்கிய அமைப்பே புரியாமல் போயிருந்தது. ‘ஆள் சிங்கத்தைக் கொன்றான்’, ‘சிங்கம் ஆளைக் கொன்றது’ இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடாது. ஆனால் 59இலிருந்து 13 கழிப்பதும் 13இலிருந்து 59 கழிப்பதும் வேறு என்று தெரியும். அடைப்புக்குறி போட்ட கணக்கையும் செய்தார்கள்.

பேச்சில்லாமல் சீட்டாடுகிறவர்களை, வரவு செலவு பார்க்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் மொழிதான் சிந்தனை என்று யார் சொன்னாலும் எனக்கு வலிக்கும். மொழி சிந்தனையைப் பழக்குகிறது என்றால் ஏற்றுக்கொள்வேன். பழகியது, பேச்சு போன பிறகும் நிற்கிறது.

#9 கணக்கு_டீச்சர்

வைகைக்கரை தம்பி, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். நான் அதற்காகத்தான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தினேன். “மந்தம்” என்ற சொல்லை நானும் ஆசிரியர் அறையில் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

புத்திக்கூர்மைச் சோதனையின் வரலாற்றைப் பாருங்கள். ஆல்பிரட் பினே பாரிஸில் 1905இல் தொடங்கியது, பள்ளியில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை ஸ்டான்ஃபோர்ட் வடிவமாக மாற்றினார். அதில் ஆறு வயதுக்கான கேள்விகளில் ஒன்று என்ன தெரியுமா? “உன் வலது கையைக் காட்டு, இடது காதைக் காட்டு.” ஆறு வயதில் இது தெரிவது புத்தியின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘வடக்கைக் காட்டு’ என்பது அந்த வயதுப் பட்டியலில் இல்லை. ஹோப்வேலில் ஒருவர் உட்கார்ந்து இந்தச் சோதனையை எழுதியிருந்தால் கேள்வி எப்படி இருந்திருக்கும்? பாரிஸிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வந்த எத்தனை பிள்ளைகள் அதில் மந்தமாகியிருப்பார்கள்?

சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931, 32இல் உஸ்பெகிஸ்தானுக்குப் போய்ப் படிப்பறிவில்லாத விவசாயிகளிடம் கேட்டார். “வடக்கே பனி இருக்கும் இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா ஸெம்லியா வடக்கே இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?” ஒருவர் சொன்ன பதிலின் சாரம் இது: நான் கருப்புக் கரடியைத்தான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது? இதைப் படித்தவர்கள் பலர் ‘தர்க்கம் இல்லை’ என்று முடிவுகட்டினார்கள். எனக்கு அதில் தர்க்கம் தெளிவாகவே தெரிகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக்கூடாது என்ற நேர்மை அது. பள்ளிக்கூடம் நமக்குக் கற்றுக்கொடுப்பது வேறொரு விளையாட்டு: சொன்னவரை நம்பி, சொன்னதற்குள்ளேயே நின்று விடை சொல்வது. நல்ல விளையாட்டுதான், நானே கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொள்ளாதவருக்குப் புத்தி இல்லை என்று ஆகிவிடாது.

லைபீரியாவில் க்பெல்லே மக்களிடம் இருபது பொருட்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். கிழங்கைக் களைக்கொட்டோடு வைத்தார்கள், பழத்தைக் கத்தியோடு வைத்தார்கள். அறிவாளி இப்படித்தான் செய்வான் என்றார்கள். ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்ததோ உணவு தனி, கருவி தனி. கடைசியில் “முட்டாள் எப்படிப் பிரிப்பான்?” என்று கேட்டதும் உணவை ஒருபக்கம், கருவியை ஒருபக்கம் சரியாக வைத்துக்காட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கிழங்கை வெட்டக் கொட்டு வேண்டாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

#10 வைகைக்கரை

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

நேற்று வீட்டில் அந்தப் பொம்மைச் சோதனையைச் செய்துபார்த்தேன். பொம்மைக்குப் பதில் ஒரு தம்ளர், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு தீப்பெட்டி. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன், வடக்கு ஓரத்தில் தம்ளர். எட்டு வயது மகள் பார்த்தாள், திரும்பினாள், எதிரே இருந்த மேடையில் டக்கென்று வைத்தாள். அவளுக்கு இடப்பக்கம் இருந்த தம்ளர் மறுபடியும் இடப்பக்கம் வந்தது, ஆனால் தெற்கே போய்விட்டது.

அம்மா முதலில் பால்கனிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். நான் எதற்கு என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேசையைப் பார்த்தார், திரும்பினார், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: “அங்க இருந்த மாதிரி வைக்கவா, பாப்பா வச்ச மாதிரி வைக்கவா?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “உங்களுக்கு எது சரியோ அப்படி வையுங்கள்” என்றேன். தம்ளர் வடக்கே போனது. “இதுதான ஒரே மாதிரி? அவ வச்சது எல்லாம் திரும்பிக் கெடக்கு” என்றார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் கால்மணி நேரம் வாதாடினார்கள். பாட்டி சொல்வது என்னவென்று அவளுக்குப் புரிந்ததும், பாட்டிக்கு அவள் சொன்னது அதற்கு முன்பே புரிந்திருந்ததும்தான் நான் பார்த்தது.

#11 கேள்விக்குறி

உங்கள் அம்மா கேட்ட அந்தக் கேள்வி என் வாதத்தை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. இரண்டு வழியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். இரண்டு வழி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றியிருக்காது. இதை வாழ்க்கைச் சூழல் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு இப்போது முடியவில்லை. அந்த வீட்டில் இருவரும் ஒரே ஜன்னல் வழியாக ஒரே வெயிலைத்தான் பார்க்கிறார்கள்.

#12 செக்குபந்தி

அம்மா வெயில் பார்த்துவிட்டு வந்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிது. நில அளவைக்குப் போனால் நாங்களும் முதலில் அதைத்தான் செய்வோம்.

#13 உளவியல்_மாணவி

அண்ணா, ஆர்வம் தாங்கவில்லை. இன்னொரு முறை செய்ய முடியுமா? மூன்று திருத்தம் சொல்கிறேன். மகள் செய்வதை அம்மா பார்க்கக்கூடாது, இந்தத் தடவை பார்த்ததால்தான் அந்தக் கேள்வியே வந்திருக்கலாம். முழுசாகத் திருப்பாமல் கால் பங்கு மட்டும் திருப்பிப் பாருங்கள், அப்போது வரிசையை அம்மா குறுக்கே வைக்கிறாரா நெடுக வைக்கிறாரா என்று தெரியும். முடிந்தால் மொட்டைமாடியில் ஒரு தடவை, விளக்கு மட்டும் உள்ள உள்ளறையில் ஒரு தடவை. ஒரு வீட்டில் இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்க ஆசை.

#14 வைகைக்கரை

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் தங்கச்சி. அம்மாவிடம் சொன்னேன். “உள் ரூமுக்கா? அப்ப நடந்து போகும்போதே கணக்கு வச்சுக்கணும், நீ நடுவுல பேச்சுக் குடுக்காத” என்றார். முடிவை இங்கேயே எழுதுகிறேன்.